1,100 பொம்மைக் கார்கள் ஓடும் கலைக்கூடம்: லாஸ் ஏஞ்சலஸ் ‘மெட்ரோபொலிஸ் 2’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1966-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்தில் ஒரு காரின் கதவு பெரிய தகராறாகிவிட்டது. எட்வர்ட் கீன்ஹோல்ஸ் என்ற கலைஞர் 1938-ஆம் வருடத்து டாட்ஜ் கார் ஒன்றை வெட்டிக் குறுக்கி, பின் இருக்கையில் கோழிக்கூட்டுக் கம்பிவலையாலும் பிளாஸ்டராலும் செய்த ஒரு ஜோடியைக் கிடத்தி, கூடவே பீர் பாட்டில்களையும் போட்டு வைத்திருந்தார். இது ஆபாசம், காட்சிக்கு வைத்தால் நிதியை நிறுத்துவோம் என்று கவுன்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரியான அமைப்பின், நிர்வாகக் குழு மிரட்டியது. கடைசியில் ஒரு சமரசம் பேசி முடித்தார்கள். கார்க் கதவு மூடியே இருக்கும். பக்கத்தில் ஒரு காவலர் நிற்பார். 18 வயது தாண்டிய யாராவது கேட்டால் திறந்து காட்டுவார், அதுவும் அந்த அறையில் குழந்தைகள் யாரும் இல்லாத நேரத்தில்தான். அப்புறம் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? கண்காட்சி திறந்த அன்றே 200 பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள்.

2012 ஜனவரி 14 அன்று அதே அருங்காட்சியகம் இன்னொரு கார்ப் படைப்பைத் திறந்தது. கிறிஸ் பர்டன் செய்த ‘மெட்ரோபொலிஸ் 2’. 1,100 பொம்மைக் கார்கள், 18 சாலைகள், அதில் ஒன்று ஆறு தடம் கொண்ட விரைவுச்சாலை, இடையிடையே ரயில்கள். இந்த அறைக்குக் குழந்தைகள் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வந்தவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான் பெற்றோருக்குப் பாடாக இருந்தது.

இந்த இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது புரியும். மெட்ரோபொலிஸ் 2-ஐக் குழந்தைகளுக்கென்று யாரும் செய்யவில்லை. ‘சிறுவர் கண்காட்சி’ என்று பலகை மாட்டவும் இல்லை. ஆனாலும் காரை வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு பொதுக் கலைக்கூடம் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான். காரணம் கார் இல்லை, காரைச் சுற்றிச் செய்த ஏற்பாடு. எங்கே வைத்தார்கள், எப்போது ஓட்டினார்கள், யாரை உள்ளே நிறுத்தினார்கள், யாரிடம் காசு வாங்கவில்லை என்பவை எல்லாம் அதில் அடக்கம்.

இடம்

அருங்காட்சியகம் வில்ஷயர் சாலையில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு ‘மிராக்கிள் மைல்’ என்று பெயர். 1920-களில் ஏ. டபிள்யூ. ராஸ் என்ற நில வணிகர், கடைக்கு ஆட்கள் காரில்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டு வளர்த்த கடைத்தெரு அது. காரில் போகிறவர் கண்ணில் படும்படி கடை முகப்பு, பின்பக்கம் கார் நிறுத்துமிடம் என்று ஊரே காருக்காக வளைந்தது. அதே சாலையில், ஃபேர்ஃபாக்ஸ் முனையில், 1994 முதல் பீட்டர்சன் மோட்டார் வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. கார் பார்க்க ஆசைப்படும் பிள்ளையைக் கூட்டிப் போக அது போதும். அப்படியிருக்க எதிரே இருக்கும் கலை அருங்காட்சியகம் எதற்குப் பொம்மைக் கார் ஓட்ட வேண்டும்?

இதற்கு விடை அந்த ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கையில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைக்கு ஊர் என்றால் முக்கால்வாசி காரின் பின் இருக்கையிலிருந்து, ஜன்னல் வழியாகத் தெரிவதுதான். இந்தப் படைப்பு திறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, 2011 ஜூலையில், 405-ஆம் எண் விரைவுச்சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு வாரக் கடைசி முழுக்க மூடினார்கள். ஊரே ஸ்தம்பித்துவிடும் என்று தொலைக்காட்சியில் ஒரே அலறல். ‘கார்மகெடான்’, அதாவது காரால் வரும் உலக முடிவு, என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டதால் சாலைகள் காலியாகக் கிடந்தன. போக்குவரத்து நெரிசலைக் குடும்பக் கதையாகக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்கு ஒரு விரைவுச்சாலையை வெளியிலிருந்து, முழுதாக, ஒரே பார்வையில் பார்க்கக் கிடைத்தது இந்த அறையில்தான்.

செய்த ஆள்

கிறிஸ் பர்டனைச் சிறுவர் கலைஞர் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 1946-இல் பிறந்தவர். 1971-இல் ‘ஷூட்’ என்ற நிகழ்த்துகலையில், ஒரு நண்பரைத் துப்பாக்கியால் தன் இடக்கையில் சுடச் சொன்னவர். 1974-இல் லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் கடற்கரைப் பகுதியில் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் மேல் மல்லாந்து, இரண்டு உள்ளங்கைகளிலும் ஆணி அடித்துக்கொண்டவர். காரை வெளியே தள்ளி, எஞ்சினை இரண்டு நிமிடம் அலறவிட்டு, திரும்ப உள்ளே தள்ளினார்கள். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. அடுத்த வருடமே ஒற்றை ஆள் ஓட்டும் ஒரு சின்னக் காரைத் தானே கட்டினார்.

ஆனால் 1970-களின் கடைசியிலிருந்து அவர் வேலை திசை மாறிவிட்டது. உடம்பை விட்டுவிட்டு இயந்திரத்தையும் பொம்மையையும் கையில் எடுத்தார். 1981-இல் ‘டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ என்று, ஏறத்தாழ 5,000 பொம்மைகளை மணலில் பரப்பி, சண்டை போடும் இரண்டு நகரங்களைச் செய்தார். 2008-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர் முன்னால், எரெக்டர் என்ற இரும்புப் பட்டைப் பொம்மையின் பாகங்கள் சுமார் பத்து லட்சத்தை முடுக்கி, 65 அடி உயரக் கோபுரம் நிறுத்தினார். அதன் தலைப்பு ‘என் அப்பா கொடுத்தது’ என்ற பொருளில் வரும். மெக்கானோ வைத்து விளையாடியவர்களுக்கு அந்தப் பொம்மை எது என்று உடனே பிடிபடும். அதே வருடம் இதே லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தின் வாசலில் 202 பழைய தெருவிளக்குகளை வரிசையாக நட்டார். ‘அர்பன் லைட்’. இன்று அந்த ஊருக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளாமல் போகாத இடம் அது. பிள்ளைகள் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். யாரும் திட்டுவதில்லை.

மெட்ரோபொலிஸ் 2-க்கு முன்னால் ஒரு சின்ன ஒத்திகையும் நடந்தது. 2004-இல் செய்த முதல் ‘மெட்ரோபொலிஸ்’. கடையில் கிடைக்கும் ஹாட் வீல்ஸ் கார்கள் சுமார் 80, ஒற்றைத் தடச் சாலைகள். அது ஜப்பானில் கனசவா நகரின் 21-ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அந்த அருங்காட்சியகம் 2004 அக்டோபரில் திறந்தபோது முதல் வேலையாக நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அழைத்து வந்து காட்டியது. பொம்மைக் கார் நகரம் போய்ச் சேர்ந்த இடம் அப்படிப்பட்டது.

பர்டனுக்கோ 80 கார் போதவில்லை. தன் டொபாங்கா பட்டறையில் உதவியாளர்களோடு உட்கார்ந்து நாலு வருடம் இரண்டாவதைக் கட்டினார். 2010-இல் முடிந்தது. நிக்கோலஸ் பெர்க்ருவன் என்ற செல்வந்தர், அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவர், அதை வாங்கிப் பத்து வருடக் கடனாக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

எப்படி ஓடுகிறது

சிற்பத்தின் உயரம் கிட்டத்தட்ட 3 மீட்டர், நீளம் 8.6 மீட்டர், அகலம் 5.8 மீட்டர். ஒரு நடுத்தர வீட்டின் கூடத்தை மொத்தமாக அடைத்துக்கொள்ளும். இரும்புச் சட்டங்களால் ஆன கூடு, அதற்குள் வளைந்து நெளியும் சாலைகள், அவற்றைச் சுற்றிக் கட்டடங்கள். அருங்காட்சியகத்தின் பொருள் பட்டியலைப் படித்தாலே பாதி கதை தெரிந்துவிடும்: அரைக் குதிரைத்திறன் மோட்டார் மூன்று, வார்ப்புக் கார்கள் 1,100, ரயில் தொகுதிகள் 13, எஃகு, அலுமினியம், செம்பு, பித்தளை, பிளாஸ்டிக், மரம், லெகோ, லிங்கன் லாக்ஸ் என்ற மரக்கட்டைப் பொம்மை, கண்ணாடி, பீங்கான் ஓடு, ரப்பர், பலவிதப் பசை. ஒரு வார்ப்புப் பட்டறையின் சரக்கும் ஒரு பிள்ளையின் பொம்மைப் பெட்டியும் ஒரே பட்டியலில் கிடக்கின்றன.

கார்களுக்கு மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. நடுவில் இருக்கும் பெல்ட்கள் காந்தத்தால் கார்களைப் பிடித்து உச்சிக்கு ஏற்றுகின்றன. உச்சி வந்ததும் பிடி விடுகிறது. அங்கிருந்து கீழே வருவது முழுக்கப் புவியீர்ப்பின் வேலை. சரிவில் வேகம் பிடித்து, வளைவில் சாய்ந்து, அடிவாரத்தில் மறுபடி பெல்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு கிணற்று ராட்டினத்தைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இதுவும் புரியும். எதுவும் பெட்டிக்குள் மறைந்திருக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

அருங்காட்சியகம் இரண்டு எண்களைச் சொல்கிறது. கார்கள் தம் அளவு விகிதத்தில் மணிக்கு 240 மைல் வேகத்தில் போகின்றன, அதாவது சுமார் 386 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் கார்கள் அந்த நகரத்தைக் கடக்கின்றன. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். இப்படிப்பட்ட பொம்மைக் கார்கள் பொதுவாக நிஜக் காரில் 64-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நிஜ வேகம் மணிக்கு வெறும் 6 கிலோமீட்டர். ஒருவர் விறுவிறுவென்று நடக்கிற வேகம், அவ்வளவே. அடுத்து, ஒரு லட்சத்தை 1,100-ஆல் வகுத்தால் ஒவ்வொரு காரும் மணிக்குச் சுமார் 90 தடவை சுற்றி வர வேண்டும். சுற்றுக்கு 40 நொடி.

இந்த 40 நொடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அந்த ஒரு லட்சத்தைவிட இதுதான் பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஒரு குழந்தை ஒரு காரைக் குறிவைத்துத் தொடர்ந்தால், அது மேலே ஏறி, வளைந்து, பாலத்துக்கு அடியில் மறைந்து, மறுபக்கம் வந்து, மறுபடி ஏறுவதை அலுப்பு வருவதற்குள் பார்த்து முடிக்கலாம். தவறவிட்டால் பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். சுற்று 4 நிமிடமாக இருந்திருந்தால் கண் கைவிட்டிருக்கும். 5 நொடியாக இருந்தால் தொடர ஒன்றுமே இருந்திருக்காது.

குழந்தை பார்ப்பதும் பெரியவர் பார்ப்பதும்

பர்டன் இந்தப் படைப்பைப் பற்றிச் சொன்னது எல்லா இடத்திலும் மேற்கோளாக வரும்: சத்தமும், ஓயாத ரயில்களும், பாயும் கார்களும் சேர்ந்து, 21-ஆம் நூற்றாண்டு நகரத்தில் வாழ்வதன் மன அழுத்தத்தைப் பார்ப்பவருக்குள் உண்டாக்கும். பெரியவர்களுக்கு அப்படித்தான் இருக்கிறது. 1,100 உலோகக் கார்கள் பிளாஸ்டிக் தடத்தில் உருளும் இரைச்சல் சும்மா இல்லை. பத்து நிமிடம் நின்றால் தலை கனக்கும்.

பிள்ளைகளுக்கு அந்த அழுத்தம் எதுவும் கிடையாது. அவர்களுக்கு வேலைக்கு நேரமாகவில்லை, பெட்ரோல் விலை தெரியாது. ஆனால் அவர்கள் படைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பர்டனே இதில் இரண்டு மனசாக இருந்தவர். காரை மனிதன் இஷ்டப்படி ஓட்டும் காலம் முடியப் போகிறது, இனி அது தானாக, அசுர வேகத்தில், மோதாமல் ஓடும் என்று பேசி, அதில் நம்பிக்கையும் காட்டினார். இந்த நகரத்தின் கார்களில் ஓட்டுநர் கிடையாது, சிக்னல் விளக்குக்குக் காத்திருப்பதும் கிடையாது. பெரியவர் மூச்சு முட்டுகிற இடத்தில் பிள்ளைக்கு எல்லாமே சுமுகமாக ஓடுகிற ஊர் தெரிகிறது. இரண்டுமே படைப்பில் இருக்கின்றன. அப்பா ஒரு நகரத்தையும் மகள் வேறொரு நகரத்தையும் பார்த்துவிட்டு வருவது எந்தக் கலைக்கூடத்துக்கும் பெருமைதான்.

உயரமும் இதில் வேலை செய்கிறது. மூன்று மீட்டர்ச் சிற்பத்தின் நடு அடுக்குகள்தான் பெரியவரின் கண்ணுக்கு நேரே வரும். ஆறு வயதுப் பிள்ளை நிற்பது பாலங்களுக்கு அடியில். தலைக்கு மேலே கார்கள் வளைந்து போவதை அண்ணாந்து பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு இது நகரத்தின் மாதிரி உரு இல்லை, நகரமேதான். அதே பிள்ளை மேல் மாடத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தால் மொத்த வரைபடமும் விரிகிறது. கீழே தொலைந்த காரை மேலிருந்து கண்டுபிடிக்கலாம். ஒரு படைப்பை இரண்டு மட்டத்திலிருந்து பார்க்க வழி செய்துவிட்டால் ‘இன்னொரு தடவை’ என்று பிள்ளையே கேட்கும். அதற்கு ஒரு விளக்கப் பலகையும் தேவையில்லை.

இன்னொரு சின்ன விஷயம். இங்கே அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ரயில்கள் 87-இல் ஒரு பங்கு அளவு. கார்கள் அதைவிடப் பெரியவை. கட்டடங்களில் சில லெகோ, சில மரக்கட்டை, சில பளபளக்கும் கண்ணாடி. மாதிரி ரயில் விரும்பிகள் பார்த்தால் நெற்றி சுருங்கும். பிள்ளைகளுக்கு இது சகஜம். வீட்டுத் தரையில் அவர்கள் கட்டும் ஊரிலும் யானையைவிட லாரி சின்னதாகத்தான் இருக்கும். செய்தவர் பெரிய கலைஞர் என்றாலும் தங்கள் விதிமுறைப்படிதான் விளையாடியிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகிறது.

தொடக் கூடாது, ஆனால்

சிறுவர் காட்சிக்கூடம் என்றாலே தொட்டுப் பார்க்க விடு, பொத்தான் வை, கைப்பிடி வை என்பதுதான் அரை நூற்றாண்டுப் பாடம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஒப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் காட்சிக்கூடம் அதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது. நல்ல பாடம்தான். ஆனால் நாளடைவில் பொத்தான் இருந்தால்தான் குழந்தை நிற்கும் என்ற மூடநம்பிக்கையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. மெட்ரோபொலிஸ் 2-இல் பொத்தான் ஒன்றுகூட இல்லை. தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். காரைத் தொட முடியாது. பொம்மைக் காரைப் பார்த்தும் தொட முடியாமல் நிற்பது ஒரு பிள்ளைக்குக் கொடுமை இல்லையா?

கொடுமையாக ஆகாததற்குக் காரணம் உள்ளே நிற்கும் ஆள். ஓடும்போதெல்லாம் சிற்பத்தின் நடுவில் அதை இயக்கும் ஒருவர் நிற்கிறார். கார் தடம் புரண்டால், சிக்கிக்கொண்டால், பின்னால் வருவது குவிந்துவிட்டால் கையை நீட்டி எடுத்து மறுபடி விடுவார். இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். பிள்ளைகளுக்கோ அவர்தான் நிகழ்ச்சியின் நாயகன். கட்டடங்களுக்கு மேலே ஒரு மனிதத் தலை, பிரம்மாண்டமான ஒரு கை. அந்தக் கை வந்து ஒரு காரைத் தூக்கும்போது, தான் வீட்டில் செய்வதையே ஒரு பெரியவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார் என்று பிள்ளை பார்க்கிறது. தொட வேண்டும் என்ற ஆசையை அவர் பிள்ளைக்குப் பதிலாகத் தீர்த்துவைக்கிறார்.

விபத்தை மறைக்காததும் அப்படியே. எல்லாம் கச்சிதமாக ஓடும் இயந்திரத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் கைவிட்டுவிடுவார்கள். எங்கே இடிக்கும், எந்த வளைவில் குவியும் என்று காத்திருப்பதில்தான் சுவாரசியம். குவியும்போது ஏன் குவிந்தது என்று கண்முன்னே தெரியும்: ஒன்று நின்றது, பின்னால் வந்தவை முட்டின, தடம் அடைபட்டது. போக்குவரத்து நெரிசல் எப்படி உண்டாகிறது என்று படம் போட்டு விளக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மற்ற கார்க் கண்காட்சிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இலேயே எட்டு நிஜக் கார்களைச் சிற்பம்போல நிறுத்திக் காட்டியது. 1975-இல் அலெக்சாண்டர் கால்டர் வண்ணம் பூசிய பி.எம்.டபிள்யூ முதல் 1991-இல் தென்னாப்பிரிக்காவின் எஸ்தர் மஹ்லாங்கு தன் என்டெபெலே இனத்துக் கோலங்களால் நிரப்பிய பி.எம்.டபிள்யூ வரை, ஓவியர்கள் வரைந்த கார்களும் ஊர் ஊராகப் போகின்றன. அழகானவைதான். மஹ்லாங்குவின் காரை நானே மணிக்கணக்கில் பார்ப்பேன். ஆனால் ஓடப் பிறந்த வண்டி மேடையில் அசையாமல் நிற்கிறது, சுற்றிலும் கயிறு. நாலு வயதுக்காரருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை.

எப்போது ஓடும், யார் வரலாம்

இயந்திரம் எப்போதும் ஓடுவதில்லை. பெரும்பாலும் வாரக் கடைசியை ஒட்டி, ஒன்றரை மணி நேரத் தவணைகளாக, நடுவில் இடைவேளை விட்டு ஓட்டினார்கள். ஒரு தவணையில் ஒவ்வொரு காரும் சுமார் 135 சுற்று போயிருக்கும் என்று மேலே போட்ட கணக்கு சொல்கிறது. சக்கரம் தேயாமல் என்ன செய்யும்? பெல்ட், தடம், அச்சு எல்லாமே தேய்கிற சாமான்கள். இடைவேளை இயந்திரத்துக்கு ஓய்வு, உள்ளே நிற்பவரின் காதுக்கும் ஓய்வு.

பார்வையாளருக்கு இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. ஓட்டம் தொடங்கும் கணம் ஒரு திருவிழாத் தேர் நிலையைவிட்டுக் கிளம்புகிற மாதிரி, எல்லோரும் காத்திருந்து பார்க்கிற சம்பவமாகிவிடுகிறது. நேரம் தெரியாமல் வந்த குடும்பத்துக்கோ நின்றுபோன நகரம்தான் கிடைக்கும். ‘ஏன் ஓடல?’ என்ற கேள்விக்கு அந்தப் பெற்றோர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த ஓட்டம் எப்போது என்று அறை வாசலில் மட்டும் எழுதி வைத்தால் போதாது. டிக்கெட் வாங்கும் இடத்திலேயே, வண்டி நிறுத்தும் இடத்திலேயே தெரிய வேண்டும். இதை எந்தக் கலைக்கூடமும் தன் நிகழ்ச்சிகளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த அருங்காட்சியகத்தில் ‘நெக்ஸ்ஜென்’ என்று ஓர் உறுப்பினர் திட்டம் உண்டு. அந்த வருடங்களில் 17 வயது வரை உள்ளவர்களுக்கு உறுப்பினர் அட்டை இலவசமாகக் கிடைத்தது. அந்தப் பிள்ளையோடு வரும் ஒரு பெரியவருக்கும் அனுமதி இலவசமாக இருந்தது. உறுப்பினர் பிள்ளை, கூட வருகிறவர் அம்மாவோ அப்பாவோ! திரும்பத் திரும்பப் பார்க்கத் தூண்டும் படைப்பும், திரும்பத் திரும்ப வரக் காசு கேட்காத அட்டையும் ஒரே கூரையின் கீழ் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்றில்லாமல் மற்றது பாதிதான் வேலை செய்திருக்கும். பத்து நிமிடம் கார் பார்ப்பதற்கு முழு டிக்கெட் எடுத்து மாதா மாதம் யார் வருவார்கள்?

கீன்ஹோல்ஸின் டாட்ஜையும் மறந்துவிடக் கூடாது. அதை 1981-இல் இதே அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 1966-இல் நிதியை நிறுத்துவதாகச் சொன்ன கவுன்டியின் அருங்காட்சியகமேதான். அன்று பிள்ளைகள் அறைக்குள் வந்தால் கதவு மூடப்பட்டது. 2012-க்குப் பிறகு பிள்ளைகள் வரும் நாட்களைப் பார்த்து இயந்திரம் ஓடியது. இடையில் போன 46 வருடத்தில் கலையும் மாறியிருக்கிறது என்பது உண்மைதான். அதைவிட அதிகம் மாறியிருப்பது, யார் வருவார்கள் என்று எதிர்பார்த்து ஓர் அறையை ஒழுங்குபடுத்துகிறோம் என்பதுதான்.

குறைகள்

சத்தம் முதல் குறை. இரைச்சல் தாங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கார்களும் ரயில்களும் உயிர், இரைச்சலோ வேதனை. கார்களை நிறுத்திவிட்டு ரயில்களை மட்டும் மெல்ல ஓடவிடும் ஓர் அமைதித் தவணையை அட்டவணையிலேயே போட்டுவிடலாம். காது மூடிகளை வாசலில் வைப்பதற்கும் பெரிய செலவில்லை.

இரண்டாவது குறை, இந்தப் படைப்பு காரைக் கேள்வி கேட்கிறதா, கொண்டாடுகிறதா என்பது பார்ப்பவர் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு அது சரி. ஏழு வயதுப் பிள்ளைக்கு, நடக்கிறவர்களுக்கு இந்த ஊரில் வழி எங்கே என்று கேட்டுக் கொடுக்க யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது. பலகையில் எழுதி வைப்பதால் இது நடக்காது. உள்ளே நிற்பவர் ஓய்வெடுக்கும் இடைவேளையில், இயந்திரம் நின்றிருக்கும்போது, ஒருவர் வந்து பிள்ளைகளோடு இரண்டு கேள்வி பேசினாலே போதும். ஓடும்போது யாரும் பேச முடியாது, கேட்கவும் கேட்காது.

மூன்றாவது, பார்த்ததை வைத்துக் கையால் எதையாவது செய்ய அந்த அறையில் இடமில்லை. அருங்காட்சியகத்தில் பூன் சிறுவர் கூடம் என்று தனியாக ஒன்று இருந்தது, அங்கே தூரிகையும் மையும் தருவார்கள். ஆனால் அது வேறு கட்டடம். கார் பார்த்த சூடு ஆறுவதற்குள் கையில் காகிதம் கிடைப்பதும், வளாகத்தைக் கடந்து போய் வாங்கிக்கொள்வதும் பிள்ளைக்கு ஒன்றாகாது.

சின்னக் கூடம் என்ன செய்யலாம்

இப்படி ஒரு சிற்பத்துக்கு நாலு வருடமும் ஒரு கோடீஸ்வரரும் வேண்டும். ஆனால் நான் மேலே பாராட்டியவற்றில் பல காசு சார்ந்தவை இல்லை. சரிவும் காந்தமும் வெளியே தெரிய வைத்தது, இரண்டு மட்டத்திலிருந்து பார்க்க விட்டது, விபத்தை அனுமதித்தது, நடுவில் ஒரு மனிதரை நிறுத்தியது. பத்து மீட்டர்ப் பிளாஸ்டிக் தடமும் முப்பது காரும் வைத்திருக்கும் ஒரு நகராட்சிக் கூடமும் இதைச் செய்யலாம். 80 காரில் தொடங்கியவர்தானே பர்டனும்?

கையால் செய்யும் பகுதிக்கு ஒரு பழைய முன்மாதிரி தயாராக இருக்கிறது. 1953-இல் நியூயார்க்கில் ராபர்ட் ராஷன்பர்க் இருபது காகிதத் தாள்களை நீளமாக ஒட்டித் தெருவில் விரித்தார். இசையமைப்பாளர் ஜான் கேஜ் தன் ஃபோர்டு மாடல் ஏ காரை அதன் மேல் நேராக ஓட்டினார். டயரில் கறுப்பு வண்ணம். ஒரே கோடு, ‘ஆட்டோமொபைல் டயர் பிரின்ட்’. இன்று அது சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொம்மைக் கார், வண்ணத் தட்டு, நீளக் காகிதச் சுருள் இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை இதை ஒரு மதியத்தில் செய்துவிடும். ஓட்டியது கேஜ், படைத்தது ராஷன்பர்க் என்றால் இது யாருடைய ஓவியம் என்ற சண்டையையும் பிள்ளைகளே தொடங்கிவிடுவார்கள்.

பராமரிப்பைப் பற்றி மட்டும் யாரும் முதலிலேயே யோசிப்பதில்லை. பர்டன் 2015 மே மாதம் காலமானார். அதற்குப் பிறகு எந்தச் சக்கரத்தை மாற்றலாம், எந்தக் கட்டடத்தை ஒட்டலாம், ஒரு வளைவின் சாய்வை எவ்வளவு திருத்தலாம் என்பதற்கு அவரைக் கேட்க முடியாது. அவரோடு வேலை செய்தவர்களும் எழுதி வைத்த குறிப்புகளும்தான் வழி. 1,100 கார்களும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மாற்றப்பட்டால் அதைப் பாதுகாப்பு நிபுணர்கள் எப்படிக் கணக்கில் எழுதுவார்கள் என்பது தனிச் சிக்கல். சின்னக் கூடத்துக்கு அந்தச் சிக்கல் இருக்காது. ஆனால் வாரம் ஒருமுறை தடத்தைத் துடைக்க, வளைந்த அச்சை நிமிர்த்த, காணாமல் போன கார்களை எண்ணி வாங்கிவர ஒரு ஆள் வேண்டும். முதல் வருட வரவு செலவுத் திட்டத்திலேயே அந்த ஆளின் சம்பளத்துக்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும்.